நெருப்பு நோய்

கேள்வி: கோபத்தை அடக்கி அடக்கியே வருகிற 'ஹ்வா-பியுங்' என்ற நோய் கொரியாவில் இருக்கிறதாமே? நீங்கள் கோபத்தை அடக்குவதுண்டா? (வாசகர், கரூர்)

பதில்: 'அடக்கி அடக்கி' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். பணிவாக இருந்தாலும் அடக்கம், பிணத்தைப் புதைத்தாலும் அடக்கம், பில்லில் 'வரிகள் அடக்கம்'. பழைய கொரிய மருமகளுக்கு மூன்றுமே பொருந்தும். கல்யாணமாகிப் போகிறவள் மூன்று வருஷம் செவிடு, மூன்று வருஷம் ஊமை, மூன்று வருஷம் குருடு என்று இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கச்சொல். பத்தாவது வருஷம் நெஞ்சடைப்பு, உடம்பெல்லாம் அனல், பெருமூச்சு, தூக்கமின்மை, வயிற்றுக்கு மேலே ஏதோ உருண்டை நிற்பது போல ஒரு பாரம். ஸ்கேனில் உருண்டை இருக்காது. ஆனால் நோயாளியே நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் டாக்டரிடம் வருவார். மரபு வைத்தியர் மார்பெலும்பின் நடுவே கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். ஆ என்று துள்ளினால் சந்தேகம் உறுதி.

அப்புறம், அது 'பியுங்' இல்லை ஐயா, 'பியொங்'. யாரோ ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்துப் படிக்கிற இந்த வியாதிக்கு எந்த வைத்தியரும் இல்லை. ஹ்வா என்றால் நெருப்பு, பியொங் நோய். கோபத்துக்கும் அவர்களுக்கு அதே ஹ்வாதான்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-ல் தன் கையேட்டின் பின்னிணைப்பில் இதைப் 'பண்பாடு சார்ந்த' நோய்களில் சேர்த்தது. 2013 பதிப்பின் பட்டியலில் காணோம். அதற்குள் கொரிய மாமியார்கள் திருந்திவிட்டதாக நான் கேள்விப்படவில்லை. அமெரிக்கர்களுக்கு வந்தால் நோய், அடுத்தவனுக்கு வந்தால் பண்பாடு, இதையும் பலமுறை புலம்பியாகிவிட்டது.

ஆண்களுக்கும் உண்டு. கொரியாவை ஆண்ட யொங்ஜோ மன்னர் தன் மகன், இளவரசன் சாதோவை எல்லார் முன்னாலும் திட்டித் தீர்ப்பார். மகன் அப்பாவிடம் வாய் திறக்க முடியாமல் அரண்மனை வேலைக்காரர்களைக் கொன்றான். 1762-ல் அப்பா அவனை அரிசிப் பெட்டிக்குள் அடைத்தார். எட்டு நாளில் செத்துப்போனான். அடக்கம் என்றால் அது. இளவரசனின் மனைவி ஹ்யெக்யொங் சீமாட்டி பிற்பாடு எழுதிய நினைவுக் குறிப்புகளில் கணவனின் கோளாறுக்கு இந்த 'ஹ்வா'வையே சொல்கிறார். திட்டிய மன்னரோ எண்பது தாண்டி வாழ்ந்தார்.

நானா? எனக்கு அடக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆசிரியர் நாற்காலியில் இருக்கிறேன். அடக்குகிறவர் எங்கள் மெய்ப்புத் திருத்துநர். ஒற்று மிகுமா மிகாதா என்பதில் எங்களுக்குள் பதினெட்டு வருஷப் பகை. போன மாதம் அவர் எடுத்த 'ப்'பை நான் திரும்பப் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மேசையில் வைத்த சத்தம் மட்டும் இரண்டு அறை தாண்டிக் கேட்டது. பெருமூச்சும் அதிகமாகியிருக்கிறது. மார்பெலும்பை அழுத்திப் பார்க்கத் தைரியம் வரவில்லை.