சோஃபாவுக்கு மேலே எந்த சர்க்யூட்?

கேள்வி: என் கணவர் ஃபார்முலா 1 ரசிகர். நரேன் கார்த்திகேயன் ஓட்டிய காலத்திலிருந்து ஒரு பந்தயம் விடாமல் பார்க்கிறார். அடுத்த மாதம் அவருக்குப் பிறந்தநாள். ஹாலில் ஆறடி சோஃபாவுக்கு மேலே சுவர் காலியாக இருக்கிறது. அங்கே ஒரு ரேஸ் சர்க்யூட்டின் வடிவத்தை மாட்டலாம் என்று நினைக்கிறேன். ஆன்லைனில் தேடினால் எல்லா சர்க்யூட்டும் சேர்ந்த போஸ்டர், மரத்தில் வெட்டியது, அக்ரிலிக், கேன்வாஸ் என்று தலை சுற்றுகிறது. எனக்கு ரேஸ் பற்றி ஒன்றும் தெரியாது. எதை, என்ன அளவில் வாங்குவது? வாடகை வீடு, புதிதாக ஆணி அடிக்க முடியாது.
– கோவை வாசகி

பதில்: மரமா அக்ரிலிக்கா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் முடிவாக வேண்டியது எந்த சர்க்யூட், அதிலும் எந்த வருஷத்து சர்க்யூட் என்பதுதான். ரேஸ் பார்க்காதவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் சர்க்யூட்டுகளை அடிக்கடி மாற்றிக் கட்டுகிறார்கள். பெயர் மட்டும்தான் அப்படியே இருக்கும். பார்சிலோனாவில் லாப், அதாவது ஒரு சுற்று, முடியும் இடத்தில் இருந்த நெளிவை 2023-ல் எடுத்துவிட்டார்கள். மெல்போர்ன் 2022-லும் அபுதாபி 2021-லும் மாறின. சிங்கப்பூரில் 23 வளைவுகள் இருந்தன, 2023 முதல் 19. சில்வர்ஸ்டோனில் 2010-ல் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். மறு வருஷம் பந்தயம் தொடங்கும் கோட்டையே வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விற்பவர்களில் பலர் எப்போதோ வரைந்து வைத்த பழைய ஃபைலையே இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் கணவருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பிறந்தநாள் பரிசு என்பதால் வாய் திறக்காமல் இருப்பார், அவ்வளவுதான்.

அதனால் எதையும் ஆர்டர் செய்வதற்கு முன் அவரிடம் பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் பார்த்ததிலேயே மறக்க முடியாத ரேஸ் எது?" சந்தேகம் வராது, எப்படியும் அரைமணி நேரம் பேசுவார். அந்தப் பேச்சிலிருந்து ஊர் பெயரையும் வருஷத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 2008 பிரேசில் என்றால் சாவ் பாலோவில் உள்ள இன்டர்லாகோஸ். கடைசி லாப் முடியப்போகும் நேரத்தில் ஒரு காரைத் தாண்டி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஹாமில்டன் தன் முதல் உலகப் பட்டத்தை வென்ற பந்தயம் அது. அந்த சர்க்யூட்டின் வடிவம் 1990-க்குப் பிறகு பெரிதாக மாறவில்லை, தைரியமாக வாங்கலாம். 2021 அபுதாபி என்றால் கவனம் தேவை. அந்தப் பந்தயத்துக்குச் சற்று முன்புதான் சர்க்யூட்டை மாற்றினார்கள். விற்பவரிடம் 2021-க்கு முந்தைய வடிவமா பிந்தையதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நரேன் காலத்திலிருந்து பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததுமே எனக்கு ஒரு சர்க்யூட் ஞாபகம் வந்தது: அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். 2005 ஜூனில் அங்கே நடந்த பந்தயத்தில் மிஷெலின் டயர் போட்டிருந்த 14 கார்களும் பந்தயம் தொடங்குவதற்கு முன் மெதுவாகப் போகும் ஃபார்மேஷன் லாப் முடிந்ததும், டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் போய் நின்றுவிட்டன. சரிவாகக் கட்டிய கடைசி வளைவின் வேகத்தை அந்த டயர்கள் தாங்காது என்பது பிரச்சினை. மிச்சம் ஓடியவை ஆறே கார்கள். அதில் ஜோர்டான் காரில் நம்ம ஊர் நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். ஃபார்முலா 1-ல் அவர் எடுத்த புள்ளிகள் அவை மட்டும்தான். "ஆறு கார் ஓடிய ரேஸில் நான்காவது இடம் பெரிசா?" என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கோவைக்காரர் ஒருவர் வீட்டுச் சுவரில் அந்த வடிவத்தை மாட்டினால் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. இன்று "இண்டியானாபோலிஸ் ரோடு கோர்ஸ்" என்று தேடினால் வருவது வேறு வடிவம். 2008-ல் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்காக ஒரு முறையும், 2014-ல் அமெரிக்காவின் இண்டிகார் கார் பந்தயத்துக்காக இன்னொரு முறையும் அதை மாற்றினார்கள். இப்போதைய சாலை அந்தச் சரிவான வளைவுக்குள் போவதே இல்லை. மொத்தக் கதையும் நடந்த வளைவே இல்லாத படத்தை மாட்டி என்ன பயன்? உங்களுக்கு வேண்டியது 2000 முதல் 2007 வரை இருந்த வடிவம்: 4.192 கி.மீ., 13 வளைவுகள்.

உள்நாட்டு சர்க்யூட் வேண்டுமானால் கிரேட்டர் நொய்டாவின் புத்தா சர்க்யூட் இருக்கிறது, 5.125 கி.மீ. அங்கே 2011 முதல் 2013 வரை மூன்று இந்தியன் கிராண்ட் பிரீ, அதாவது ஃபார்முலா 1 பந்தயங்கள், நடந்தன. மூன்றையும் வென்றவர் வெட்டல், முதல் இரண்டில் நரேனும் ஓட்டினார். உங்கள் ஊர் செட்டிபாளையம் காரி ஸ்பீட்வேயையும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கையும் ரெடிமேடாக விற்பவர்கள் அபூர்வம். வரைந்து கொடுத்தால் லேசர் கட்டிங் கடையில் வெட்டித் தருவார்கள். கணவர் காரியில் உட்கார்ந்து ரேஸ் பார்த்தவராக இருந்தால், புகழ்பெற்ற மொனாக்கோ சர்க்யூட்டைவிட அதுதான் அவருக்குப் பிடிக்கும் என்று எனக்கென்னவோ தோன்றுகிறது.

எல்லா சர்க்யூட்டும் சேர்ந்த போஸ்டர் வேண்டாம். 2024, 2025 இரண்டு வருஷமும் 24 பந்தயங்கள். அத்தனையையும் ஒரே தாளில் அடக்கினால் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான் வரும். எதிர் நாற்காலியிலிருந்து பார்த்தால் 24 நூல் துண்டுகள். பட்டியலும் வருஷா வருஷம் மாறும்.

சரி, அளவு. சோஃபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது பொதுவான கணக்கு, ஆறடிக்கு நாலடி. சோஃபாவின் முதுகுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு மாட்டினால் போதும். நம் வீடுகளில் படங்களை விட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டும் பழக்கம் சாமி படத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இதற்கு அது சரிப்படாது.

நாலடி சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரேஸ் ட்ராக்கின் அகலம் ஏறக்குறைய 12 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கி.மீ. நீளத்துக்குப் பரந்த இடத்தை நாலடிக்குள் கொண்டுவந்தால் அந்தச் சாலை 7 மி.மீ. அகலக் கோடாக வரும். தூரத்திலிருந்தும் தெரியும், மரத்தில் வெட்டினாலும் உடையாது. அதையே இரண்டடியாக்கினால் கோடு மூன்றரை மி.மீ. சொச்சம்தான். அது உடையும் என்பதால் செய்பவர்கள் கோட்டை மட்டும் தடிமனாக்கிவிடுவார்கள். அப்போது கொண்டை ஊசி வளைவுகளின் இரண்டு கைகளும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும். மொனாக்கோ மாதிரி நெருக்கமான சர்க்யூட்டில் இந்தக் கோளாறு அதிகம். இத்தாலியின் மோன்சா போல நீள நீளமான நேர்ச்சாலைகள் உள்ளது சின்ன அளவிலும் தப்பித்துவிடும். ஜப்பானின் சுஸுகா எட்டு வடிவம். சிக்குக் கோலம் மாதிரி கோடு தன்னையே தாண்டிப் போகும். அங்கே கீழே போகும் சாலையைக் கொஞ்சம் இடைவெளி விட்டு வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அது பாலம், நாற்சந்தி இல்லை.

மரப் பலகைகளை அடுக்கி மேடு பள்ளம் காட்டுகிற வகைக்கு விலை அதிகம். பெல்ஜியத்தின் ஸ்பா சர்க்யூட்டுக்கு அது தகும். உச்சிக்கும் பள்ளத்துக்கும் 100 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. மோன்சா கிட்டத்தட்ட சமதரை, அதற்கு அடுக்குப் பலகை வாங்குவது தண்டம்.

அக்ரிலிக்கில் செய்யச் சொன்னால் ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். பின்பக்கம் செதுக்கும் வேலையில் படத்தை இடம் வலம் திருப்பிப் போட வேண்டும், அப்போதுதான் முன்னாலிருந்து பார்க்கும்போது நேராகத் தெரியும். ஒரு கடையில் எனக்குத் திருப்பாமல் செதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். கடிகாரச் சுற்றில் ஓடுகிற ஸ்பா, எதிர்ச்சுற்றில் ஓடியது. சர்க்யூட்டைச் சுழற்றி, படுக்க வைத்து, எப்படி மாட்டினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். டிவியிலேயே அப்படித்தான் காட்டுகிறார்கள். கண்ணாடி பிம்பமாகிவிட்டால் மட்டும் அது வேறு ஊர். வெட்டுவதற்கு முன் ஃபைலை வாட்ஸ்அப்பில் வாங்கி, பந்தயம் நடந்த வருஷத்து வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொருளைப் பொறுத்தவரை உங்கள் சுவர்தான் முடிவு செய்ய வேண்டும். மழைக்காலத்தில் ஓதம் காக்கும் வெளிச்சுவர் என்றால் மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டாம், ஈரம் ஏறினால் ஓரம் உப்பிவிடும். பிளைவுட் அல்லது 3 மி.மீ. அக்ரிலிக் பரவாயில்லை. பின்னால் நாலு மூலையிலும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினால் காற்றோட்டம் இருக்கும். பிரிண்ட் என்றால் மேற்கு வெயில் நேரடியாக விழாத சுவராகப் பாருங்கள், சாதாரண இங்க் வெளுத்துப்போகும். ஃப்ளெக்ஸில் மட்டும் அடித்துவிடாதீர்கள். எவ்வளவு நல்ல படமானாலும் காதுகுத்து பேனர் மாதிரிதான் இருக்கும்.

ஆணி அடிக்காமல் மாட்ட ஒட்டும் பட்டைகள் கிடைக்கின்றன. எமல்ஷன் பெயிண்ட் அடித்த வழுவழுப்பான சுவரில் நன்றாக நிற்கும். டிஸ்டம்பர் சுவர் என்றால் பட்டை பெயிண்டையும் உரித்துக்கொண்டு கீழே வந்துவிடும். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு ஒட்டினால் அது டிஸ்டம்பர். எமல்ஷனாக இருந்தாலும் முழுப் பலகை வேண்டாம், கோட்டு வடிவத்தை மட்டும் வெட்டி வாங்குங்கள். எடை ஒரு கிலோவுக்குள் அடங்கும், நாலைந்து இடத்தில் ஒட்டலாம். டிஸ்டம்பர் என்றால், முந்தைய குடித்தனக்காரர் நாள்காட்டி மாட்ட அடித்த ஆணி ஒன்று எங்காவது இருக்கும். அது சோஃபாவுக்கு நேர் மேலே இல்லையென்றால் சோஃபாவை நகர்த்திப் போடுங்கள்.