"நம்ம மதத்தை யாரும்மா ஆரம்பிச்சாங்க?"

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள், "நம்ம மதத்தை யார் ஆரம்பிச்சாங்க, நம்ம புத்தகம் எது, சாதியை சாமியா வகுத்தது?" என்று வரிசையாகக் கேட்கிறாள். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சாதி பற்றியெல்லாம் இந்த வயதில் பேசலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதல் இரண்டு கேள்விக்கும் நீங்கள் திணறியதில் தப்பே இல்லை. இந்து மதத்தை ஆரம்பித்தவர் என்று ஒருவர் கிடையாது, எல்லாருக்கும் பொதுவான ஒரே புத்தகமும் கிடையாது. இந்து என்ற பெயரே சிந்து நதியை வைத்துப் பாரசீகர்கள் சொன்னதில் இருந்து வந்ததுதான். வேதம் ஓதுகிறவர், ஊர் எல்லையில் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுகிறவர், நட்ட கல்லும் பேசுமோ என்று பாடிய சிவவாக்கியர், எல்லாரும் அந்த ஒரு பெயருக்குள்தான் இருக்கிறார்கள்.

பொதுவான நம்பிக்கை என்றால், உயிர் உடம்போடு முடிவதில்லை, செய்த வினை அடுத்த பிறவிக்கும் கூடவே வரும், அந்தப் பிறவிச் சுழலில் இருந்து விடுபடுவதுதான் வீடுபேறு. அதற்காகச் சம்பாதிப்பதும் ஆசைப்படுவதும் பாவம் இல்லை. அறம், பொருள், இன்பம், வீடு நாலும் வாழ்க்கைக்கு உரியவைதான். கடவுள் விஷயத்தில் பெரியவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. உயிரும் பிரம்மமும் ஒன்றே என்றார் சங்கரர், வேறு வேறு என்றார் மத்வர், உயிர் இறைவனுக்கு உடம்பு மாதிரி என்றார் ராமானுஜர். இதையெல்லாம் அவளிடம் இப்போதைக்கு மேலோட்டமாகச் சொன்னால் போதும்.

சாதிக்கு வருவோம். அதைத் தள்ளிப்போடாதீர்கள், பள்ளிக்கூடத்தில் யாராவது அவளிடம் "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்பதற்கு முன்னால் நீங்களே பேசிவிடுங்கள். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், புருஷன் என்ற ஆதி மனிதனின் வாய் பிராமணர், தோள் சத்திரியர், தொடை வைசியர், பாதத்தில் இருந்து சூத்திரர் என்று ஒரு பாட்டு வருகிறது. அது வருணம், நாலுதான். நாம் நடைமுறையில் பார்ப்பது சாதி, அது ஆயிரக்கணக்கில். யார் வீட்டில் பெண் எடுக்கலாம், எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானித்தது அதுதான். நாலுக்கும் வெளியே தள்ளப்பட்டவர்களுக்குத் தீண்டாமை.

"சாதிக்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லை, இடையில் வந்தது" என்று சொல்லிச் சமாளிக்கத் தோன்றும். வேண்டாம். நல்ல நடத்தை உள்ளவர்கள் பிராமணராகவோ சத்திரியராகவோ வைசியராகவோ பிறப்பார்கள், கெட்டவர்கள் நாயாக, பன்றியாக, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சண்டாளராகப் பிறப்பார்கள் என்று சாந்தோக்கிய உபநிடதத்திலேயே இருக்கிறது. ஒருவரை மிதித்துவிட்டு அது போன பிறவிப் பாவம் என்று சொல்ல இந்த வினைக் கணக்கு ரொம்ப வசதியாக இருந்தது. என்னைக் கேட்டால் இந்த மதத்தில் மன்னிக்கவே முடியாத இடம் இதுதான், நான் சாமி கும்பிடுகிறவள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எதிர்த்தவர்கள் கதையும் அவளுக்குத் தெரியட்டும். கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்க உரிமை கேட்ட வைக்கம் போராட்டம் 1924இல். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் நுழைந்தது 1939 ஜூலை 8இல், அவ்வளவு சமீபம்! தீண்டாமையை ஒழித்த சட்டப் பிரிவு 17ஐக் கொண்ட அரசியல் சாசனத்தை வரைந்த குழுவின் தலைவரான அம்பேத்கர், 1956இல் இந்த மதத்தை விட்டே வெளியேறினார், அதையும் மறைக்காதீர்கள்.

அப்புறம், முடிந்தால் லீவில் வைத்தீஸ்வரன்கோவில் பக்கத்தில் இருக்கும் திருப்புன்கூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே நந்தி சந்நிதிக்கு நேராக இருக்காது, கொஞ்சம் விலகியே இருக்கும். கோயிலுக்குள் வர அனுமதி இல்லாத நந்தனார் வெளியே நின்று கும்பிட்டபோது, மறைக்காமல் விலகச் சொல்லி சிவனே நந்தியிடம் சொன்னதாகக் கதை. அந்த இடத்தில் அவளை நிறுத்திச் சொல்லுங்கள். "நந்தியை நகரச் சொன்ன சாமி, அவரை ஏம்மா உள்ளே கூப்பிடலை?" என்று கேட்பாள். அதற்கு உடனே பதில் சொல்லிவிடாமல், அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள்.