புள்ளி தின்னும் ஆப்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களுக்கு முன் ஒரு டெலிகிராம் குழுவில் உங்கள் நாவல் பிடிஎஃபாகக் கிடைத்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அப்புறம்தான் உறுத்தல். இது திருட்டா? நான் மென்பொருள் துறையில் இருப்பவன். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகிறது, யாரும் காசு கேட்பதில்லை. புத்தகத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? உங்கள் ஜிபே எண்ணைக் கொடுத்தால் விலையை அனுப்பிவிடுகிறேன்.

இன்னொரு விஷயம். அப்பா சேர்த்த புத்தகங்கள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் 1940, 50களில் அச்சானவை. தொட்டால் ஓரம் நொறுங்குகிறது. மொபைல் ஸ்கேனர் ஆப்பில் எடுத்து, பக்கம் பக்கமாக எங்கள் வாட்ஸ்அப் வாசகர் குழுவில் போட்டுவருகிறேன். மாதிரிக்குச் சில பக்கங்களை இணைத்திருக்கிறேன். எடுத்து முடித்ததும் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். ஃபிளாட்டில் இடமில்லை.

ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

ஜிபே எண் தருவதாக இல்லை. நாவல் கடையில் கிடைக்கிறது. பிடித்திருந்தால் ஒரு பிரதி வாங்கி, படிக்கிற யாருக்காவது கொடுங்கள். கையில் காசில்லாத காலமென்றால் எழும்பூரில் கன்னிமாரா 1896 முதல் திறந்திருக்கிறது, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பதிப்பாளருக்கு இருக்கலாம், அது நியாயமும்கூட.

கட்டற்ற மென்பொருள் வாதத்தை உங்கள் துறைக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்கள். ஜிபிஎல் உரிமம் பதிப்புரிமையை ஒழித்துவிட்டு நிற்கவில்லை, அதன் தோளில் ஏறி நிற்கிறது. எழுதியவர் தன் உரிமையை வைத்துக்கொண்டு, ‘இந்த நிபந்தனைகளோடு நகலெடுத்துக்கொள்’ என்கிறார். அவர் கொடுத்தது அது. என் பதிப்பாளர் கொடுக்கவில்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்தது நீங்கள் இணைத்த பக்கங்களைத் திறந்து பார்த்ததால். இணையத்தில் தமிழ்ப் புத்தகங்களை நகலெடுப்பதைப் பற்றி வருஷக்கணக்காகச் சண்டை நடக்கிறது. அத்தனையும் ‘எடுக்கலாமா கூடாதா’ என்ற சண்டை. எடுத்த நகல் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கடையில் கிடைக்கும் புத்தகத்துக்குப் பத்துக் குழுக்களில் பிடிஎஃப் இருக்கிறது. எங்கும் கிடைக்காத புத்தகம் உங்களைப் போல ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அதை எடுக்க ஒருவர் முன்வந்தால், இப்படி எடுக்கிறார்!

உங்கள் முதல் படத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். மெய்யெழுத்துகளில் பாதிக்குப் புள்ளி இல்லை. அச்சுப்பிழை அல்ல அது. உங்கள் ஆப் தின்றுவிட்டது.

எப்படித் தின்கிறது என்று சொல்கிறேன். ஆப்பில் தாளைப் பளீரென்று வெள்ளையாக்கும் ஒரு ஃபில்டர் இருக்கும். அது ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ளவற்றோடு ஒப்பிட்டு, கறுப்பா வெள்ளையா என்று தீர்ப்புச் சொல்லும். இடைநிலையே கிடையாது. அடித்து அடித்துத் தேய்ந்த ஈய எழுத்தில் புள்ளி பாதி மைதான் வாங்கியிருக்கும். எழுத்தின் உடல் கறுப்பு, தலைமேல் இருப்பது சாம்பல். அது வெள்ளைக்குப் போய்விடும். தப்பித்த புள்ளிகளைத் தூசு நீக்கும் அடுத்த படி பார்த்துக்கொள்ளும். தனியாக நிற்கும் சின்னக் கறுப்புத் துணுக்கு எதுவானாலும் அதற்குத் தூசுதான். ஆங்கிலத்தில் ஒரு ‘ஐ’யின் தலைப்புள்ளி போனால் ஒன்றும் கெடாது. தமிழில் ‘பல்’ போய் ‘பல’ வரும். கல்வி பற்றிய நூல் என்ன நூலாக மாறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தலைகீழாகவும் நடக்கும். பழைய தாளில் பழுப்புக் கறைகள் உண்டு. வண்ணப் படத்தில் கறை பழுப்பாக, மை கறுப்பாகத் தெரியும், யாரும் குழம்ப மாட்டார்கள். கறுப்பு வெள்ளையாக்கிவிட்டால் எழுத்தின் தலைக்கு நேராக விழுந்த கறையும் புள்ளியாகிவிடும். இல்லாத இடத்தில் மெய்யெழுத்து முளைக்கும்.

ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பார்கள். துணைக்காலுக்கும் (ா) ரகரத்துக்கும் வேறுபாடில்லை, குறிலா நெடிலா என்று தெரியாது. சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் சுவடி சுவடியாக ஒப்பிட்டு, ஒவ்வொரு மெய்யிலும் புள்ளி வைத்து அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த உழைப்பை ஒரு இலவச ஆப் நொடிக்கு ஒரு பக்கம் வீதம் திருப்பி அழித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அதற்கு ‘எல்லோருக்கும் சுத்தமான பிரதி’ என்று குழுவில் தலைப்புப் போடுகிறீர்கள்.

மிகையாகப் பேசுகிறேன் என்று தோன்றினால் 2013-இல் ஜெர்மனியில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் ஒரு வீட்டு வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது அறைகளின் அளவு மாறியிருந்ததைக் கண்டுபிடித்தார். வேறு தாள்களில் 6 இருந்த இடத்தில் 8 வந்திருந்தது. காரணம் ஜேபிக்2 என்ற சுருக்குமுறை. பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் வடிவங்களை ஒன்றென்று எடுத்துக்கொண்டு, ஒரே படத்தை எல்லா இடத்திலும் ஒட்டிவிடும். மங்கல் இல்லை, கிறுக்கல் இல்லை, துல்லியமாகத் தெரியும் தப்பான எண். ஒரு புள்ளியிலும் ஒரு சுழியிலும் மட்டுமே வேறுபடும் எழுத்துகள் நிறைந்த மொழிக்கு இது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். இப்போது ‘ஏஐ என்ஹான்ஸ்’ என்று ஒரு பட்டனும் வந்துவிட்டது. தெளிவில்லாத எழுத்தைத் தானே ஊகித்து வரைந்து வைக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள்.

உங்கள் மொபைல் மேல் குற்றமில்லை. பழைய கிரவுன் அளவுப் புத்தகத்தின் பக்கம் சுமார் 12.5க்கு 18.5 செ.மீ. இருக்கும். 12 மெகாபிக்சல் கேமரா 4000க்கு 3000 பிக்சல் தருகிறது. ஒரு பக்கம் சட்டத்தை நிறைக்கும்படி, கொஞ்சம் ஓரம் விட்டு எடுத்தால் அங்குலத்துக்கு 450 பிக்சலுக்குக் குறையாது. புள்ளியின் குறுக்களவு 0.4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அதற்கு ஏழு பிக்சல் கிடைக்கிறது. போதும். நீங்கள் அதை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புகிறீர்கள். சாதாரணத் தரத்தில் அது நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். புள்ளிக்கு மிஞ்சுவது மூன்று பிக்சல். ஜேபெக் முறை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகச் சுருக்குவது, மூன்று பிக்சல் புள்ளி அதில் கரைந்து தாளின் நிறத்தோடு சேர்ந்துவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், அது கோப்பைத் தொடாது.

சரி, எப்படி எடுப்பது? ஆப்பை மூடிவிட்டு மொபைலின் சாதாரணக் கேமராவைத் திறங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ரிச்சி தெருவில் ஒரே மாதிரி இரண்டு எல்இடி விளக்குகள் வாங்கி, புத்தகத்தின் இரு பக்கமும் 45 டிகிரி சாய்வில் வையுங்கள். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் கோடாக விழும். கண்ணாடி என்றது, கண்ணாடிக் கடையில் விளிம்பு தேய்த்துத் தரும் 5 மி.மீ. தகடு. பக்கத்தின் மேல் மெதுவாக வைத்தால் வளைவு போகும். அழுத்தாதீர்கள். அந்தக் காலத்து மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது, அமிலம் ஊறி எலும்பே இல்லாமல் போயிருக்கும். புத்தகத்தை முழுக்க விரிக்கவும் கூடாது, முதுகு பிளந்துவிடும். இரண்டு தலையணைகளுக்கு நடுவே 100 டிகிரி அளவுக்குத் திறந்து வைத்து, வலப்பக்கங்களை எல்லாம் முதலில் எடுங்கள். பிறகு புத்தகத்தைத் திருப்பி வைத்து இடப்பக்கங்கள். ஸ்டாண்டில் மொபைலைப் பக்கத்துக்கு நேர் இணையாக நிறுத்தி, திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிக்கொள்ளுங்கள். ஸ்கேனர் வாங்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். மெல்லிய, மலிவான தட்டை ஸ்கேனர்களில் இருக்கும் சிஐஎஸ் சென்சாருக்கு ஆழம் கிடையாது, கண்ணாடியிலிருந்து சற்றே விலகினாலும் மங்கும். தையலோரத்து எழுத்து தெரிய வேண்டுமென்று புத்தகத்தை அமுக்குவீர்கள். வேண்டாம்.

தலைப்புப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுங்கள். பின்னால் யாரும் உண்மையான அளவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். அட்டை, வெற்றுப் பக்கம், பின்னட்டை விளம்பரம் எதையும் விடாதீர்கள். உங்கள் மாதிரிகளில் நேராக முதல் அத்தியாயம்தான் இருக்கிறது. அச்சகம் எது, தம்புச் செட்டித் தெருவா மவுண்ட் ரோடா, எந்தப் பதிப்பு, விலை என்ன? விலை ரூபாய், அணாவில் இருந்தால் 1957-இல் நயா பைசா வருவதற்கு முன் அச்சானது என்றாவது தெரியும். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு எடுத்த பிடிஎஃப் பெற்றோர் பெயர் தெரியாத பிள்ளைதான்.

எடுத்த படங்களை 0001 என்று தொடங்கி வரிசையாகப் பெயரிட்டு, அப்படியே ஒரு ஃபோல்டரில் பூட்டிவையுங்கள். திருத்தம் எல்லாம் நகலில்தான். கோணலை நிமிர்த்த, ஓரம் வெட்ட ஸ்கேன்டெய்லர் என்ற இலவச மென்பொருள் போதும். வெளியீட்டை வண்ணத்திலேயே வையுங்கள், தூசு நீக்கும் வசதியை அணையுங்கள். 200 பக்கப் புத்தகம் ஒரு ஜிபி வரும். வரட்டுமே. உங்கள் மொபைலில் குட் மார்னிங் படங்கள் அதைவிட அதிகம் இருக்கும்.

பென் டிரைவை நம்பாதீர்கள், அதிலும் நடைபாதையில் அரை விலைக்கு விற்கும் ‘1 டிபி’யை. உள்ளே சின்ன சிப் இருக்கும், பெரிய அளவைப் பொய்யாகக் காட்டும். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் எங்கும் பதியாது, காப்பி முடிந்ததாகவே திரை சொல்லும். லினக்ஸில் எஃப்3 என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் உறவினர் வீட்டில். கோப்பு பின்னால் மாறியிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் ஷா-256 பட்டியல் ஒன்றும் கூடவே இருக்கட்டும். இதெல்லாம் உங்கள் தொழில், நான் சொல்ல வேண்டியதில்லை. ஆபீஸில் சர்வருக்குச் செய்வதை அப்பாவின் புத்தகத்துக்குச் செய்யத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கித் தரும் எழுத்துணரிக்கு அப்புறம் போகலாம். டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரியில் தமிழ் உண்டு, கூகுள் டிரைவிலும் செய்யலாம். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா வடிவங்களில் தடுமாறும், கையால் மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். தமிழ் விக்கிமூலத்தில் அதைப் பொறுமையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் படமாக இருக்கும் பிடிஎஃப் பார்வையற்ற வாசகருக்கு வெற்றுத்தாள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குழுவில் எதைப் போடலாம்? ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு எண்ணுங்கள். புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார், இந்தக் கணக்குப்படி 2008 முடிவோடு உரிமை தீரும்; அரசு 2002-இலேயே அவர் எழுத்தை நாட்டுடைமையாக்கிவிட்டது. தி. ஜானகிராமன் மறைந்தது 1982, எனவே 2042 முடியும்வரை உரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளருக்குத் தனிக் கணக்கு. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் அவர்கள் நூல்கள் இருக்கின்றன. உரிமை தீராத புத்தகத்தை எடுத்து உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். குழு என்பது நீங்கள் ஒருவரல்ல.

பழைய பேப்பர்காரர் விஷயம். கூடாது. நீங்கள் எடுத்த நகல் தப்பு என்று ஒருநாள் தெரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள்தான் இருக்கிறது. வீட்டில் சொல்கிறவர்களையும் குறைசொல்ல முடியாது, பெரம்பூர் ஃபிளாட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி என்பது ஒரு கட்டில் அளவு இடம். ஆனால் கொடுப்பதற்கு இடம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் இந்த வேலையையே செய்கிறது. வணிக நோக்கில்லாத பொது நூலகம், தன்னிடம் அச்சுப்பிரதி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க 2012 சட்டத் திருத்தம் இடம் தருகிறது. உங்களால் சட்டப்படி பகிர முடியாத புத்தகத்தைக்கூட அவர்களால் காப்பாற்ற முடியும்.

ஆனால் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்காதீர்கள். முதலில் பட்டியல். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், அச்சகம், ஆண்டு, பதிப்பு, பக்க எண்ணிக்கை, எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்பதுவரை. அவர்களிடம் ஏற்கெனவே இருப்பது எது, இல்லாதது எது என்று அவர்கள் சொல்வார்கள். இல்லாததை முதலில் படமெடுங்கள். அதுவரை பெட்டிகள் பரணில் இருக்கட்டும், தரையில் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஊரில் தரைத்தளத்து அலமாரிகளுக்கு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். பட்டியலில் ஒரு நகல் எனக்கும் அனுப்புங்கள், மின்னஞ்சலில்.