கேள்வி – பதில்: பிரிண்ட் போட்டும் பிடிபடாத பிழைகள்

கேள்வி: என் சி புரோகிராம் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (அனுமதியில்லாத நினைவக இடத்தைத் தொட்ட பிழை) என்று பாதியில் நிற்கிறது. வழிநெடுக பிரிண்ட்எஃப் போட்டு, வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பினேன். ஃபைல் காலியாக இருக்கிறது. முதல் வரிகூட ஓடவில்லையா?

பதில்: ஓடியிருக்கும். பிரிண்ட்எஃப் எழுதுவது நேரே ஃபைலுக்குப் போகாது, முதலில் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் சேரும். திரை என்றால் புதுவரிக் குறி வந்ததுமே பஃபர் கொட்டப்படும். ஃபைல், பைப் (வெளியீட்டை இன்னொரு புரோகிராமுக்குக் கொடுக்கும் வழி) என்றால் பஃபர் நிரம்பவேண்டும். லினக்ஸில் பெரும்பாலும் 4096 பைட். புரோகிராம் ஒழுங்காக முடிந்தால் மிச்சமும் எழுதப்படும். இடையில் செத்தால் பஃபரில் கிடந்ததெல்லாம் கூடவே போய்விடும்.

எனவே தடயச் செய்திகளை எஃப்பிரிண்ட்எஃப் மூலம், பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீடான எஸ்டிடிஎரருக்கு அனுப்புங்கள். அதற்கு பஃபர் கிடையாது. ஃபைலில் வேண்டுமானால் '2>' போட்டுத் திருப்புங்கள். ஒவ்வொரு பிரிண்ட்எஃபுக்குப் பின்னும் பஃபரை உடனே கொட்டவைக்கும் எஃப்ஃப்ளஷை அழைக்கலாம்தான், ஆனால் ஓர் இடத்தில் மறந்தால் மறுபடி ஏமாற்றம்.

'இங்கே 1', 'இங்கே 2' என்று எழுதுவது வீண்வேலை. ஃபங்ஷன் பெயர், வரி எண், சந்தேகப்படும் மாறியின் மதிப்பு மூன்றும் வரட்டும். சுட்டி (பாயின்டர்) என்றால் அதிலுள்ள முகவரியை, பயன்படுத்தும் வரிக்கு முன்பே அச்சிடுங்கள். பின்னால் போட்டால் அந்த வரியை எட்டவே மாட்டீர்கள். எங்கே தேடுவதென்று தெரியாவிட்டால் நடுவில் ஒன்று போட்டு, அது வருகிறதா என்று பார்த்து, மிஞ்சிய பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நேராக ஓடும் 1000 வரிகளுக்குப் பத்துமுறை ஓட்டினால் போதும்.

கேள்வி: பிரிண்ட் போட்டால் பிழை மறைகிறது, எடுத்தால் வருகிறது!

பதில்: பல த்ரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள்) ஓடுகின்றனவா? அச்சிடுவது மெதுவான வேலை. போதாததற்கு, பிரிண்ட்எஃப் எழுதும் எஸ்டிடிஅவுட்டுக்கு ஒரு பூட்டும் உண்டு. த்ரெட்கள் அங்கே வரிசையில் நிற்பதால் மோதல் நடக்காமல் போகிறது. செய்திகளை ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி அரேயில் சேர்த்து, கடைசியில் அச்சிடுங்கள். இத்தகைய மோதல்களைக் கண்டுபிடிக்கும் த்ரெட் சானிடைசருடன் கம்பைல் செய்வது அதைவிட நல்லது. ஒரே த்ரெட்தான் என்றால், தொடக்க மதிப்பு தராத மாறியையோ அரே எல்லை தாண்டி எழுதுவதையோ சந்தேகப்படுங்கள். பிரிண்ட் சேர்த்ததும் ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதி) இருப்பவை இடம்மாறி, தப்பு வேறெங்கோ ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: பைத்தானில் இரு சரங்களும் அச்சில் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. ஆனால் ஒப்பிட்டால் 'ஃபால்ஸ்'.

பதில்: சரத்தில் கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் காட்டும் ரெப்ர் ஃபங்ஷன் வழியாக அச்சிடுங்கள். ஒன்றின் வாலில் இடைவெளியோ புதுவரிக் குறியோ ஒட்டியிருப்பது தெரியும். ஃபைலிலிருந்து வரிவரியாகப் படித்திருந்தால் அநேகமாக அதுதான். பைத்தான் 3.8 முதல் எஃப்-சரத்தின் (மாறிகளின் மதிப்பை உள்ளே பதிக்கும் சரம்) நெளி அடைப்புக்குள் மாறியின் பெயரையும் ஒரு சமக்குறியையும் இட்டாலே, பெயரோடு ரெப்ர் வடிவமும் வந்துவிடும்.