வாசகர் கேள்வி - பதில்: 1914, ஒரு பிரெஞ்சுச் சிற்றூரின் ஆகஸ்ட் மாதம்

கேள்வி: புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. 1914இல் போர் மூண்டபோது பிரெஞ்சு மக்கள் அதை ஆரவாரத்தோடு வரவேற்றார்கள் என்று படித்திருக்கிறேன். சிற்றூர்களிலும் அப்படித்தான் இருந்ததா?
- ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: இல்லை. தாங்கள் படித்தது பெரும்பாலும் பாரிஸ் ரயில் நிலையங்களில் கண்ட காட்சியாக இருக்கும். அன்றைய பிரான்சில் பாதிக்கும் மேற்பட்டோர் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் வாழ்ந்தவர்கள். அவர்களுக்குப் போர் வரப்போகிறது என்ற எண்ணமே கடைசி வாரம் வரை இல்லை. ஜூன் 28 அன்று சராயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்ட செய்தி வந்தது, போயிற்று. ஜூலையின் பிற்பகுதியில் நாளிதழ்களை நிறைத்தது, பத்திரிகை ஆசிரியர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற அமைச்சர் மனைவி மதாம் கையோவின் வழக்குதான். அவர் விடுதலையான ஜூலை 28ஆம் தேதியே ஆஸ்திரியா செர்பியாவின் மீது போர் தொடுத்தது.

ஊர்களில் அப்போது கோதுமை அறுவடைக் காலம். ஆகஸ்ட் 1, சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணியளவில் மாதா கோயில் மணிகள் விடாமல் அடிக்கத் தொடங்கின. அந்த அடி வழக்கமாகத் தீ விபத்தை அறிவிப்பது. ஆகவே, வயலில் நின்ற பலர் எங்கே புகை தெரிகிறது என்றுதான் முதலில் தேடினார்கள். ஊர் மன்றத்துச் சுவரில் ஒட்டியிருந்த படைதிரட்டல் சுவரொட்டியோ பத்தாண்டுகளுக்கு முன்பே, 1904இல், தேதிக்கு மட்டும் இடம் விட்டு அச்சிட்டு வைக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் ‘ஆகஸ்ட் 2, ஞாயிறு’ என்று நிரப்பியதோடு வேலை முடிந்தது. இதைப் படித்த நாளிலிருந்து அந்த வெற்றிடம் என் நினைவை விட்டு அகலவில்லை. அடிவானத்தில் புகையைத் தேடிய உழவருக்கு, தம் பெயரில் உள்ள ராணுவக் கையேட்டில் எந்த நாள், எந்த ஊர்ப் படைமுகாமுக்குச் செல்ல வேண்டும் என்பது ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல நல்ல சாட்சியங்கள் உண்டு. தம் ஊரில் நடந்தவற்றைக் குறித்து வைக்குமாறு கல்வி அமைச்சர் அல்பேர் சரோ 1914 செப்டம்பரில் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். பல ஊர்களில் ஆசிரியரே ஊர் மன்றச் செயலாளராகவும் இருந்ததால், சுவரொட்டியின் முன் கூடியவர்களை அவர் அருகிலிருந்து கண்டிருந்தார். அக்குறிப்புகளில் மணியோசை கேட்ட பொழுதைப் பற்றித் திரும்பத் திரும்ப வருபவை திகைப்பு, மௌனம், பெண்களின் அழுகை என்பவையே. சில நாள் கழித்து ரயிலேறும்போது பாட்டும் முழக்கமும் எழுந்தது உண்மை. ஆனால் அதைப் போர் வேட்கை என்று கொள்வது அம்மக்களுக்கு இழைக்கும் அநீதி. ஜெர்மானியர் நாட்டைத் தாக்க வருகிறார்கள், காக்க வேண்டும் என்ற உறுதியாகவே நான் அதைக் காண்கிறேன்.

கேள்வி: ஆண்கள் போன பிறகு அறுவடை என்னவாயிற்று?
- அதே வாசகர்

பதில்: பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும் முடித்தார்கள். போர்க்களம் சென்றவர்களின் இடத்தை வயலில் நிரப்புமாறு பிரதமர் விவியானி ஆகஸ்ட் 7 அன்று பெண்களுக்கு அழைப்பு விடுத்தார். ஆயினும் அழைப்பு வருவதற்கு முன்பே அவர்கள் அரிவாளை எடுத்திருந்தார்கள். ஆண்களோடு ஏர்க்குதிரைகளையும் படை எடுத்துக்கொண்டது. ஆண்டுதோறும் குதிரைகளைக் கணக்கெடுத்துப் பதிந்து வைத்திருந்ததால் எந்த வீட்டில் எத்தனை என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். உழைக்கும் வயதுள்ள குதிரையும் போன வீட்டில் மாட்டைப் பூட்டினார்கள். மாடும் இல்லாத வீட்டார் அக்கம்பக்கத்தாரை நம்பியிருந்தார்கள்.

திராட்சைப் பறிப்புக்குள் திரும்பிவிடலாம் என்று நம்பிப் போனவர்கள் பலர். ஆகஸ்ட் 22 என்ற ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் மாண்டனர். சாவுச் செய்தியை வீட்டாரிடம் சேர்க்கும் கடமை ஊர்த் தலைவருக்கு உரியது என்பதால், அவர் தெருவில் வருவதைக் கண்டாலே பெண்கள் எந்த வாசலில் நிற்கப்போகிறாரோ என்று அஞ்சினார்கள்.