மூக்கில் வளர்ந்த சதையை ஆபரேஷன் செய்து எடுத்தால் மறுபடியும் வளருமா?

வளரலாம். எனக்கு வளர்ந்தது. நான் டாக்டர் இல்லை, இரண்டு முறை ஆபரேஷன் செய்துகொண்டவன், அவ்வளவுதான்.

முதலில், உங்களுக்கு இருப்பது பாலிப்தானா, அதாவது மூக்கின் உள்சவ்வு வீங்கி வளர்ந்த சதைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ணாடியில் மூக்கைத் தூக்கிப் பார்த்தால் பக்கச் சுவரில் இளஞ்சிவப்பாகத் தெரியும் சதை டர்பினேட். எல்லோருக்கும் உண்டு, ஒவ்வாமையில் வீங்கும். பாலிப் உரித்த திராட்சை மாதிரி வெளுத்திருக்கும், தொட்டால்கூட வலிக்காது. பெரும்பாலும் இரு கண்களுக்கும் நடுவில் உள்ள சைனஸ் அறைகளிலிருந்து இறங்கும். என்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுப் பார்த்தால் டாக்டருக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு மூக்கடைப்பைவிட வாசனை போனதுதான் பெரிய தொல்லை. ரசத்தில் பெருங்காயம் போட்டாயா என்று கேட்டு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அந்த சைனஸுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள எலும்பு காகிதம் போல மெல்லிசு, மேலே மூளை வேறு. எல்லாம் மூக்குத் துவாரம் வழியாகவே நடந்தது, வெளியே தையல் இல்லை. சில வாரங்களில் காபி மணந்தது. சதைதான் போயிற்றே, இனி ஸ்டீராய்டு ஸ்ப்ரே எதற்கு என்று நானாகவே நிறுத்தினேன். இரண்டே வருடத்தில் பழைய கதை.

இரண்டாவது டாக்டர் சொன்னது: “கூரை ஒழுகுது. நான் தரையைத் துடைச்சு விடறேன், அவ்வளவுதான்.” உள்சவ்வில் இருக்கும் அழற்சி கத்திக்குப் போகாதாம். ஸ்ப்ரேயைத் தன் முன்னாலேயே அடிக்கச் சொன்னார். நான் முன்பெல்லாம் இரு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள சுவரில் அடித்திருக்கிறேன். அப்போது மூக்கில் ரத்தம் கசிந்ததற்குக் காரணம் அதுதான். இடது துவாரத்துக்கு வலது கை, வலதுக்கு இடது கை. முனை வெளிப்பக்கக் கண்ணோரத்தைப் பார்க்க வேண்டும். பலமாக உறிஞ்சக் கூடாது, மருந்து தொண்டைக்குப் போய்விடும். ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஆஸ்துமா இருந்தால் அதையும், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரையால் எப்போதாவது இளைப்பு வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பாலிப்போடு இவை இரண்டும் சேர்ந்தவர்களுக்குத் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம். டூபிலுமாப் என்ற ஊசியை 2019இல் அமெரிக்காவில் பாலிப்புக்கும் அனுமதித்தார்கள். விலையைக் கேட்டால் மூக்கு தானாகவே அடைத்துக்கொள்ளும்.

ஒரு பக்கம் மட்டும் சதை இருந்து, ரத்தமும் வந்தால் ஸ்ப்ரேயை நம்பி நாள் கடத்தாதீர்கள். அதில் ஒரு துளி எடுத்து பயாப்ஸிக்கு, அதாவது சதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.