எண் எழுதாமல் ஓர் உடலையும் நகர்த்தாதீர்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தடயவியல் மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: நான் நகராட்சி உறுப்பினர். எங்கள் பேரிடர்த் திட்டத்தில் மீட்பு, முகாம், உணவு எல்லாம் இருக்கிறது; இறந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டால் “அபசகுனமாகப் பேசாதீர்கள்” என்கிறார்கள். “நோய் பரவும் முன் மொத்தமாக அடக்கம் செய்துவிடலாம்” என்று முடித்துவிடுகிறார்கள். திட்டத்தில் என்ன எழுதுவது?

பதில்: முதலில் அந்த நோய்ப் பயத்தைப் போக்குங்கள். வெள்ளத்திலோ இடிபாட்டிலோ இறந்தவர்கள் காயத்தாலும் மூச்சுத்திணறலாலும் இறந்தவர்கள். அவர்கள் உடலால் ஊரில் கொள்ளைநோய் கிளம்பாது. காலரா, எபோலா போன்ற நோயாலேயே இறந்தவர்கள் விஷயம் வேறு. உடலைத் தூக்குபவர்களுக்குக் கையுறை, பூட்ஸ், கைகழுவச் சோப்பு வேண்டும்; குடிநீரில் கிடக்கும் உடலை உடனே எடுக்க வேண்டும். மற்றபடி அவசரம் தேவையில்லை. 2004 சுனாமியின்போது இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் ஆயிரக்கணக்கானோர் பெயர் தெரியாமலே பெருங்குழிகளில் புதைக்கப்பட்டார்கள். அவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று அந்தக் குடும்பங்களுக்கு யார் சொல்வது?

அடுத்தது எண். உடல் கிடந்த இடம், எடுத்த குழு, வரிசை எண் மூன்றும் சேர்ந்த ஒரே குறியீடு. தண்ணீர் பட்டாலும் அழியாத அட்டையில் எழுதி உடலில் ஒன்று, உடலை வைக்கும் பையில் ஒன்று கட்ட வேண்டும். புகைப்படத்திலும் அதே எண் தெரிய வேண்டும். வெப்பமான இடங்களில் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் முகம் அடையாளம் தெரியாமல் போய்விடும். ஆகவே முழு உருவம், முகம், தழும்பு, உடை எல்லாவற்றையும் முதல் நாளே படமெடுங்கள். மோதிரம், சட்டைப்பையில் இருந்த சீட்டு எதையும் உடலிலிருந்து பிரிக்காதீர்கள். தனியாகக் கிடைக்கும் உறுப்புக்குத் தனி எண். ‘இது அவருடையதாக இருக்கும்’ என்று ஊகித்துச் சேர்ப்பது பெரிய தவறு.

இடத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பள்ளிக்கூடம் வேண்டாம். 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோர் ரயில் விபத்தில் இறந்தவர்களைப் பக்கத்துப் பள்ளியில் வைத்தார்கள்; பிறகு பிள்ளைகள் உள்ளே வரவே பயந்ததால் கட்டடத்தை இடிக்க வேண்டியதாயிற்று. பக்கத்து மாவட்டத்தோடும் பேசி வையுங்கள். 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது, சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்ட உடல்கள் மலப்புரம் மாவட்டத்தின் நிலம்பூர்ப் பக்கம் கரையொதுங்கின. இரு பக்கமும் வெவ்வேறு முறையில் எண் போட்டால் குடும்பங்கள்தான் அலையும்.

கேள்வி: பெற்ற தாயே பார்த்து “இவன் என் மகன்” என்று சொன்ன பிறகும் கைரேகை, டிஎன்ஏ என்று காக்க வைப்பது கொடுமை இல்லையா?

பதில்: காத்திருப்பு கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் துயரத்தில் நிற்கும் ஒருவர், வேறொருவர் உடலை முழு நம்பிக்கையோடு தம் பிள்ளை என்று சொன்னதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. வீங்கிய முகத்தில் கண் தேடியதைக் கண்டது. உடல் மாறிப் போனால் கெடுவது இரண்டு குடும்பம். பாலசோரிலும் ஒரே உடலுக்குப் பல குடும்பங்கள் உரிமை கோரின. டிஎன்ஏ முடிவு வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது.

உலகெங்கும் சர்வதேசக் காவல்துறை அமைப்பான இன்டர்போலின் முறைப்படி கைரேகை, பல், டிஎன்ஏ மூன்றும்தான் முதன்மை அடையாளம். உடை, நகை, பச்சை குத்தியது எல்லாம் துணைச் சான்று. எலும்பில் வைத்த உலோகத் தகட்டின் எண்ணும் பெரிதும் உதவும். எனவே உறவினரிடம் பல் வைத்தியம், அறுவை சிகிச்சை பற்றி விரிவாகக் கேளுங்கள். டிஎன்ஏ மாதிரியைத் தாய், தந்தை, பிள்ளைகளிடம் எடுங்கள். கணவன் மனைவி மாதிரி ஒப்பிட உதவாது.

அந்தக் காத்திருப்பை மனிதத் தன்மையோடு நடத்துவது உங்கள் கையில் இருக்கிறது. பிணவறை வாசலில் நிற்க விடாதீர்கள். நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள தனி இடம், ஒரு குடும்பத்துக்கு ஒரே அலுவலர், சொன்ன நேரத்தில் தகவல். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் அதையும் போய்ச் சொல்லுங்கள். உடல்களை வரிசையாகக் காட்டித் தேடச் சொல்வது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பிணவறையில் சில உடல்களுக்குத்தான் இடம். ஐஸ் கட்டி போதுமா?

பதில்: வேண்டாம். உருகி உடலையும் அட்டையையும் கெடுக்கும், கழிவுநீர் தேங்கும். 2 முதல் 4 டிகிரியில் வைக்கும் குளிர்சாதனக் கன்டெய்னர்தான் சரி. ஒன்றில் 50 உடல்கள்வரை வைக்கலாம். அதற்கான வாடகை ஒப்பந்தத்தை இப்போதே போடுங்கள்.

அதுவும் கிடைக்காவிட்டால் தற்காலிகப் புதைப்பு: ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாமல் ஒரே அடுக்கில், ஒன்றரை மீட்டர் ஆழத்தில், குடிநீர் ஆதாரத்திலிருந்து 200 மீட்டராவது தள்ளி. ஒவ்வொரு குழிமேலும் அதே எண் இருக்க வேண்டும். வயநாட்டின் புத்துமலையில் அடையாளம் தெரியாதவர்களை டிஎன்ஏ மாதிரி எண்ணோடு அடக்கம் செய்தார்கள். சோதனை முடிவு வந்ததும் தங்களவர் எந்தக் குழியில் என்று குடும்பங்களுக்குச் சொல்ல முடிந்தது. அந்தப் பதிவேடு யார் பொறுப்பில் இருக்கும், அவர் மாற்றலாகிப் போனால் யாரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பார் என்பதைப் பதவிப் பெயரோடு திட்டத்தில் எழுதுங்கள்.